பெட்டிக்காக எழுதிய சட்டமும் ஒற்றையாக விற்கும் கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வரவுசெலவுத் திட்டத்தில் சிகரெட் விலை ஏறும்போதும், மே 31 உலக புகையிலை எதிர்ப்பு தினத்திலும் நமது பத்திரிகைகள் புகையிலை பற்றி எழுதுகின்றன. விலையைப் பற்றியும் வியாதியைப் பற்றியும் நிறையச் சொல்லப்படுகிறது. கடை மேசையில் அது எப்படிக் கைமாறுகிறது என்பதை மட்டும் யாரும் தொடுவதில்லை. திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரை எல்லாம் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது.

பஸ் நிலையத்தைச் சுற்றியோ, மீன் சந்தைக்குப் போகும் வழியிலோ ஒரு பெட்டிக்கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். சிகரெட் பெட்டி மூடி திறந்தபடி லாச்சிக்குள் இருக்கும். வாங்குபவர் அதைத் தொடுவதே இல்லை. கடைக்காரர் இரண்டு விரலால் ஒன்றை உருவிக் கொடுப்பார். நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டரில் பற்றவைத்துவிட்டு வாங்கியவர் பிளேன்டீக்குச் சொல்லுவார். பெட்டியின் 80 வீதத்தை நிரப்பியிருக்கும் புற்றுநோய்ப் படம் லாச்சியின் இருட்டுக்குள்ளேயே கிடக்கும்.

அந்த 80 வீதம் இலேசில் கிடைத்ததல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003 நவம்பரிலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அதை முதலில் செய்த நாடு நாம்தான். 2006 இல் 27 ஆம் இலக்கச் சட்டம் வந்து, தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபை உருவானது. விளம்பரம் தடைப்பட்டது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றமானது, மூடிய பொது இடங்களில் புகைப்பது தடையானது. படத்துடன் கூடிய எச்சரிக்கையை 80 வீதமாக்கும் ஒழுங்குவிதி 2012 இல் வந்தபோது சிகரெட் கம்பனி நீதிமன்றம் போனது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 50 முதல் 60 வீதத்துக்குள் வைக்கச் சொன்னது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை மீட்டெடுத்தது. இத்தனை ஆண்டுப் போராட்டத்தின் பலனைக் கடைக்காரரின் இரண்டு விரல் வீணாக்கிவிடுகிறது என்பதுதான் எங்கள் மனக்குறை.

ஒற்றையாக விற்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கவில்லை. சமவாயத்தின் 16 ஆவது உறுப்புரையோ, சிகரெட்டைத் தனித்தனியாகவும் சிறு பொதிகளாகவும் விற்பதைத் தடுக்க ஒவ்வொரு நாடும் முயல வேண்டும் என்கிறது. காரணம் தெளிவானது. இந்தப் பொருளை முதன்முதலாக வாயில் வைப்பவன் ஒரு பெட்டி வாங்கி ஆரம்பிப்பதில்லை. ஒன்று வாங்குகிறான், அல்லது நண்பனுடைய ஒன்றில் பாதி இழுக்கிறான். உதாரணத்துக்கு ஒரு சிகரெட் 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 20 கொண்ட பெட்டி 3000 ரூபா ஆகிவிடும். டியூசனுக்குப் போகும் பிள்ளையின் கையில் 150 ரூபா இருக்கும், 3000 இராது. புகைப்பதை விட்டு மூன்று கிழமையான ஒருவருக்கும் இதே கதைதான். தேநீர்க்கடையில் நிற்கும்போது ஆசை எழும்பினால், "ஒன்றே ஒன்று" என்று கேட்கக் கடை இடம் கொடுக்கிறது. அந்த ஆசை சில நிமிடத்தில் அடங்கிவிடக்கூடியது. பெட்டியாகத்தான் வாங்க வேண்டுமென்றால் அந்தச் சில நிமிடம் அவருக்குக் கிடைத்துவிடும்.

ஒற்றையாக வாங்குகிறவர் அளவோடு புகைக்கிறார், பெட்டியாக வாங்க வைத்தால் கூடுதலாகப் புகைப்பாரே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஏற்கனவே அடிமைப்பட்ட சிலரிடம் அப்படி நடக்கலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைப் பங்கிடவும் செய்வார்கள். அதனால்தான் இந்தத் தடை தனியாக வரக்கூடாது, வரி உயர்வோடு சேர்ந்து வரவேண்டும் என்கிறோம். இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலம் 2020 இல் ஒற்றைச் சிகரெட், பீடி விற்பனையைத் தடை செய்தது. தடுத்துவிட்டுக் கவனிக்காமல் இருந்தால் விற்பனை லாச்சியிலிருந்து மடிக்கு மாறும், அவ்வளவுதான்.

கவனிப்பது எப்படி என்ற இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒற்றை விற்பனைத் தடையைப் போலச் சுலபமாகப் பரிசோதிக்கக்கூடிய விதி வேறொன்றில்லை. வயதுச் சட்டத்தில் விற்கும் கணத்தையே பிடித்தாக வேண்டும். இங்கே, பிரித்த பெட்டி கடையில் இருந்தாலே அது சான்று. "விற்பனை இடத்தில் திறந்த பெட்டி வைத்திருக்கக்கூடாது" என்று ஒரு வரி எழுதினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை. பாராளுமன்றம் திருத்தம் கொண்டுவரும் வரைக்கும் காத்திருக்காமல், நமது உள்ளூராட்சி சபைகள் சட்ட ஆலோசனை பெற்று இதை உபவிதியாகவோ வியாபார அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவோ கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். மதுபானம் விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். சிகரெட் விற்கும் பெட்டிக்கடைக்கு அப்படித் தனியான ஒன்று இல்லாததால், எத்தனை கடைகள் விற்கின்றன என்ற கணக்குக்கூடக் கையில் இல்லாமல் போகிறது. வடக்கில் சில ஊர்ச் சந்தைகளில் வியாபாரிகள் தாங்களாகவே கூடிப்பேசி சிகரெட் விற்பனையை நிறுத்தினார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் வர்த்தக சங்கங்கள் ஒற்றை விற்பனையையாவது நிறுத்துவதாக முடிவெடுத்தால், எந்த வர்த்தமானிக்கும் காத்திருக்காமல் வேலை நடக்கும்.

வயதுச் சட்டம் தோற்கும் இடங்களும் தெரிந்தவைதான். பரிசோதனை பெரும்பாலும் கிழமை நாளில், அலுவலக நேரத்தில் நடக்கிறது. பிள்ளைகள் வாங்குவது டியூசன் விடும் பின்நேரத்தில், சனி ஞாயிறில். ஒரு சந்தியில் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் நின்றால் அடுத்த சந்திக்குத் தொலைபேசியில் செய்தி போய்விடுகிறது. ஆகவே இரண்டு மூன்று சந்திகளில் ஒரே நேரத்தில், பொலிசாரோடு சேர்ந்து இரண்டிரண்டு பேராகப் போனால்தான் பயன். வழக்குகள் தள்ளுபடியாவதும் பெரிய சட்ட நுணுக்கத்தால் அல்ல. வாங்கியவரின் வயதுக்கு ஆவணம் எடுக்கவில்லை, விற்றது முதலாளியா வேலையாளா என்று எழுதவில்லை, நேரம் குறிக்கவில்லை, வாங்கிய சிகரெட்டைச் சான்றாக உறையிலிட்டு ஒட்டவில்லை. இந்த நான்கையும் அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள ஒரு பக்கப் படிவம் போதும்.

கடைக்காரர் தரப்பிலும் ஒரு உண்மையான சிரமம் இருக்கிறது. முகத்தைப் பார்த்து இருபதா இருபத்திரண்டா என்று யாரால் சொல்ல முடியும்? தேசிய அடையாள அட்டையைக் கேட்பதே வழி. அதை வாசிப்பது கடினமில்லை. 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும். ஒரு எண் 2005152 என்று தொடங்கினால் அவர் 2005 மே 31 இல் பிறந்த ஆண். 2005652 என்று தொடங்கினால் அதே நாளில் பிறந்த பெண். இவர்களுக்கு 21 வயது நிறைவது 2026 மே 31 அன்று; அதற்கு முதல் நாள் விற்றாலும் குற்றம்தான். ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட பழைய எண் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, அவர் வயதைத் தாண்டியவர். லாச்சிக்கு மேலே ஒரு மட்டை ஒட்டி, "இந்த ஆண்டுக்கு முன் பிறந்தவருக்கு மட்டும்" என்று ஒவ்வொரு ஜனவரியிலும் ஆண்டை மாற்றி எழுதினால், அந்த ஆண்டிலேயே 21 ஆகிறவர்களிடம் மட்டும் நாளைப் பார்த்தால் போதும். அட்டை இல்லையென்றால் சிகரெட்டும் இல்லை.

"அப்பாவுக்குத்தான் வாங்குகிறான்" என்பது நமது ஊர்களில் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட பதில். சட்டம் அப்படி ஒரு விலக்கைக் கொடுக்கவில்லை. யாருக்காக வாங்கினாலும், வாங்குபவர் 21 வயதுக்குக் கீழ் என்றால் விற்றவர் குற்றவாளி. தண்டப்பணம் 50,000 ரூபா வரை போகலாம், சிறையும் கிடைக்கலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தகப்பன்மார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த கடைக்காரரை வழக்கில் மாட்டிவிடுவதோடு, எந்தக் கடை கேள்வி கேட்காமல் கொடுக்கும் என்பதையும் பிள்ளைக்கு அவர்களே பழக்கிவிடுகிறார்கள்.

இனி வெற்றிலை மேசைக்கு வருவோம். சிகரெட்டைப் பற்றிப் பேசும் மூச்சில் பாதியைக்கூட நாம் இதற்குச் செலவிடுவதில்லை. எங்கள் கவலையில் பெரும் பங்கு இதில்தான் இருக்கிறது. 2015 இல் நாடு முழுவதும் 18 முதல் 69 வயது வரையானோரிடம் எடுக்கப்பட்ட ஆய்வில், ஆண்களில் 29.4 வீதம் பேர் புகைப்பவர்கள், 26 வீதம் பேர் மெல்லும் வகைப் புகையிலை பாவிப்பவர்கள். இரண்டும் ஏறத்தாழச் சமம். பெண்களில் புகைப்பவர்கள் 0.1 வீதம் மட்டுமே, ஆனால் மெல்லுபவர்கள் 5.3 வீதம். இலங்கை ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு வேறு காரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

2016 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதி மெல்லும் புகையிலைக் கலவைகளையும், வாசனையூட்டிய சிகரெட்டையும், இலத்திரனியல் சிகரெட்டையும் தடை செய்தது. பக்கற்றில் தொங்கிய பாபுல், மாவா வகையறாக்களைப் பறிமுதல் செய்ய அது போதும். ஆனால் ஈரச் சாக்கில் அடுக்கிய வெற்றிலை, சீவிய பாக்கு, டப்பாவில் சுண்ணாம்பு, பக்கத்தில் சுருட்டி வைத்த யாழ்ப்பாணப் புகையிலை என்று விரித்திருக்கும் மேசைக்குப் பெட்டியே கிடையாது. விற்பவர் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, பாக்கைப் போட்டு, புகையிலையில் ஒரு விரல் நீளம் கிழித்து வைத்து மடித்துக் கொடுக்கிறார். எச்சரிக்கைப் படம் ஒட்ட இடமில்லை, வரி முத்திரையும் இல்லை.

இந்த நான்கு பொருளும் சேரும்போது என்ன நடக்கிறது என்று விளக்கினால் பலர் நம்புவதில்லை, ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். சுண்ணாம்பு, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையது. அது வாய்க்குள் காரத்தைக் கூட்டும்போது புகையிலையிலுள்ள நிக்கொட்டின் கன்னத்தோலால் வேகமாக உறிஞ்சப்படுகிறது. சுண்ணாம்பு போடாத புகையிலை "பிடிக்காது" என்று மெல்லுபவர்கள் சொல்வது சரியான அவதானம். அந்தப் பிடிப்புத்தான் அடிமைத்தனம். பாக்குக்கும் தனிக் குற்றம் உண்டு. புகையிலையே சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. கன்னத்தின் உட்புறத் தசையை அது நாராக்கி இறுக்குகிறது. முதலில் கொச்சிக்காய் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் கயிறு போலத் தட்டுப்படும். கடைசியில் வாய் திறக்காது. மெல்லுவதை விட்டாலும் இறுகிய நார் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மேலும் இறுகுவதைத்தான் தடுக்கலாம். மடித்த வெற்றிலைக் கூறைக் கன்னத்தில் ஒதுக்கியபடியே தூங்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. இரவுக் கடலில் கண்ணயராமல் இருக்க வெற்றிலை போடுகிறவர்களும், வயலில் பசி தெரியாமல் இருக்கப் போடுகிறவர்களும் இந்தப் பழக்கத்துக்குத்தான் போய்ச்சேருகிறார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வையுங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறதென்றால் பல் வைத்தியரிடம் போகத் தாமதிக்கக்கூடாது. பிறகு கண்ணாடி முன் வெளிச்சத்தில் நின்று, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரு விளிம்பு, நாக்குக்கு அடிப்பக்கம் மூன்றையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, மூன்று கிழமைக்குள் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும். நோவு இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் நோவே இராது. கூறை எந்தப் பக்கம் ஒதுக்குகிறீர்களோ அந்தப் பக்கத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

சபையில் தாம்பூலம் வைப்பது நமது மரியாதை. அதில் யாரும் கை வைக்கவில்லை. தட்டில் புகையிலை வைக்க வேண்டும் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை என்பதை மட்டும் கலியாண வீட்டார் நினைவில் கொண்டால் போதும்.

வரியைப் பற்றி. விலை 10 வீதம் உயர்ந்தால், வளர்ந்துவரும் நாடுகளில் பாவனை ஏறத்தாழ 5 வீதம் குறையும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. இங்கே அதைப் பலவீனப்படுத்துவது நீளக் கணக்கு. சிகரெட்டுக்கான நமது உற்பத்தி வரி அதன் நீளத்தை வைத்து ஐந்து படிகளாக விதிக்கப்படுகிறது: 60 மில்லிமீற்றர் வரை, 67 வரை, 72 வரை, 84 வரை, அதற்கும் மேல். நீளமானதற்குக் கூட வரி, குட்டைக்குக் குறைந்த வரி. ஆகவே விலை ஏறியதும் புகைப்பவர் விடுவதற்குப் பதிலாக ஒரு படி இறங்குகிறார். அதற்கும் கீழே பீடி காத்திருக்கிறது. பீடி இலையில் காற்று புகாது, அடிக்கடி அணைந்துவிடும், அதனால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். மலிவானது என்பதைத் தவிர அதில் எந்த நன்மையும் இல்லை. பிலிப்பைன்ஸ் 2012 இல் சட்டம் இயற்றி, படிப்படியாக 2017 இல் எல்லாச் சிகரெட்டுக்கும் பெட்டிக்கு 30 பேசோ என்று ஒரே வரியாக்கியது. அந்த வருமானத்தில் பெரும்பகுதியை மக்களின் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது. 2009 இல் அங்கே வயது வந்தோரில் 29.7 வீதமாக இருந்த புகையிலைப் பாவனை 2015 இல் 23.8 வீதமாக இறங்கியது. நமக்கும் ஐந்து படியை ஒன்றாக்குவதும், பணவீக்கத்துக்கு மேலாக ஆண்டுதோறும் உயர்த்துவதும்தான் வேண்டியது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட நாட்டில், வரியை அப்படியே விட்டால் சிகரெட் மலிந்துபோகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வரி கூடினால் கள்ளச் சிகரெட் வரும் என்பது கம்பனிகளின் நிரந்தரப் பதில். துறைமுகமும் நீண்ட கரையும் உள்ள மாவட்டத்தில் அதை அலட்சியப்படுத்த முடியாதுதான். அதற்கு மருந்து, பெட்டியில் ஒட்டும் வரி முத்திரையும் அதைப் பின்தொடரலும். மேலே சொன்ன சமவாயத்தின் கீழ் வந்த, சட்டவிரோதப் புகையிலை வியாபாரத்துக்கு எதிரான நெறிமுறையில் இலங்கை சேர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. பெட்டிக்குப் பெட்டி இலக்கமிட்டுப் பின்தொடரும் முறையை முழுமையாகக் கொண்டுவருவதே மிச்சம். தமிழும் சிங்களமும் இல்லாத எச்சரிக்கையோடு, அல்லது எச்சரிக்கையே இல்லாமல் வரும் பெட்டி கள்ளப் பெட்டி என்று யாரும் ஒரே பார்வையில் சொல்லலாம். ஒற்றையாக விற்கும் வரை அந்தப் பார்வைக்கும் வாய்ப்பில்லை.

உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்களுக்கு ஒரு சொல்: புகைப்பதற்கென்று காற்றோட்டமான தனி இடம் ஒதுக்கும் சலுகை 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளுக்கும், 30 பேர் அமரக்கூடிய உணவகங்களுக்கும்தான். ஆறு அறை கொண்ட விடுதியின் மூடிய வரவேற்பறையில் சாம்பல் தட்டு வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பு, விருந்தினர் எந்த நாட்டவராக இருந்தாலும்.

விட நினைப்பவர்களுக்கு நமது மாவட்டத்தில் வழிகாட்டல் மிகக் குறைவு. அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்தை அழைக்கலாம். முதல் மூன்று நாள் கடினம், மூன்று நாலு கிழமையில் உடல் தணியும் என்று முன்கூட்டியே தெரிந்தாலே பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள் என்று நாங்கள் நம்புகிறோம். வைத்தியரின் ஆலோசனையோடு நிக்கொட்டின் சூயிங்கம் பாவிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள், மிட்டாய் மாதிரி மென்று விழுங்கிவிடுகிறார்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்கு முந்திய கால் மணி நேரத்தில் தேநீரோ கோப்பியோ சோடாவோ குடித்திருந்தால் மருந்து உறிஞ்சப்படாது, "வேலை செய்யவில்லை" என்று எறிந்துவிடுவார்கள். காலை எழும்பி அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். நிலவு நிறைந்த நாட்களில் இரவுத் தொழில் குறைந்து மீனவர்கள் கரையில் நிற்பார்கள். அந்த நாட்களில், வலை பொத்தும் காலை நேரத்தில், மூதூரிலும் குச்சவெளியிலும் கிண்ணியாவிலும் தோணி ஏற்றும் இடத்துக்கே ஒரு பல் வைத்தியரும் ஒரு டோர்ச்சும் ஒரு பதிவுப் புத்தகமும் போகட்டும். ஒரு வாயைப் பார்க்க மூன்று நிமிடம் போதும். வைத்தியசாலைக்கு வரச்சொன்னால் அவர்கள் வருவது, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான்.

இங்ஙனம்,
சுகாதாரக் கல்வியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
உவர்மலை, திருகோணமலை.